அந்த முனகல்

மதுரை

அன்புள்ள சரசு,

பேத்தி பிறந்துவிட்டாள். 31 வாரத்திலேயே, 1,200 கிராம் எடையில். இப்போது நன்றாக இருக்கிறாள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை முனகத் தொடங்கினாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்கு நடுவே சதை உள்ளே குழிந்தது. பக்கத்தில் போய்ப் பார்க்க ஒரு நிமிஷம் விட்டார்கள். எனக்கு 1978 கண்முன் வந்துவிட்டது. உன் பிள்ளையும் இப்படித்தானே முனகினான். ‘எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது’ என்று உன் மாமியார் சொன்னதும், தண்ணீர்க்குடம் தூக்கினேனே என்று நீ தலையில் அடித்துக்கொண்டதும் மறக்கவா முடியும்?

முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்கு நுரையீரல் பாடம் நடத்தினேன். மூச்சுக்குழல், அதன் கிளைகள், நுனியில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் என்று படம் போட்டுக் காட்டினேன். அந்த அறைகள் ஏன் மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்கின்றன என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

வயிற்றுக்குள் இருக்கும்வரை நுரையீரல் முழுக்க நீர்தான். பிராணவாயு தொப்புள்கொடி வழியாக வந்துவிடும். பிறந்ததும் அந்த நீர் வடிந்து காற்று புக வேண்டும். ஆனால் அறைகளின் உட்சுவர் எப்போதும் ஈரம். நனைந்த பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்குமே, அப்படி அந்த ஈரம் அறைகளைச் சுருக்கிவிடப் பார்க்கும். அதைத் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பு. பெரும்பாலும் கொழுப்பு. அறைச் சுவரில் உள்ள செல்களே சுரக்கின்றன. சோப்பு மாதிரி, நீரின் இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும்.

புது பலூனை ஊதும்போது முதல் ஊதல்தான் கஷ்டம், இல்லையா? நிறைமாதக் குழந்தைக்கு முதல் மூச்சோடு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. இது சுரக்காத குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சு, சரசு. நிமிஷத்துக்கு அறுபது எழுபது தடவை. களைத்துப்போகாமல் என்ன செய்யும்?

முனகல் என்னவென்றும் கேட்டேன். மூச்சை விடும்போது குழந்தை குரல்வளையைக் கொஞ்சம் மூடி, உள்ளே காற்றைப் பிடித்து வைக்கிறதாம், அறைகள் ஒட்டிவிடக் கூடாதென்று. அந்தச் சத்தம்தான் அது. அன்றைக்கு ராத்திரி முழுக்க வலியில் முனகுகிறான் என்று நாம் அழுதோமே. அவன் பிழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

இந்த வழவழப்பு இல்லாததுதான் காரணம் என்று பாஸ்டனில் மேரி எல்லன் ஏவரி என்ற டாக்டர் கண்டு எழுதியது 1959இல். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இதே நோயில் 39 மணி நேரத்தில் போய்விட்டான். அத்தனை அதிகாரமும் பணமும் இருந்தும் கொடுக்க மருந்து இல்லை. இந்த வழவழப்பை மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்து, பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற டாக்டர் எழுதியது 1980இல். உனக்குப் பிள்ளை பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

என் பேத்திக்குப் பன்றி நுரையீரலிலிருந்து எடுத்ததைக் கொடுத்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக, மூன்று மில்லி, மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழலுக்குள். சாயங்காலத்துக்குள் முனகல் நின்றுவிட்டது. விலாவும் குழியவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குடத்தைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், யார் என்று சொல்லாமல். முன்கூட்டியே வலி வர, பல நேரம் காரணமே தெரிவதில்லையாம். எட்டாம் மாதக் கதை வெறும் கதை. ஒவ்வொரு வாரம் கூடக்கூடப் பிள்ளைக்கு நல்லதுதான். ஏழாம் மாதத்தைவிட எட்டாம் மாதம் மேல்.

இப்போது 1,640 கிராம். மருமகள் நெஞ்சோடு அணைத்தபடியே வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவார்களாம். நீ வா. வந்து பத்து நாள் இரு.

இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அவனுக்கு என்ன பேர் நினைத்து வைத்திருந்தாய்?

உன்
ராஜி