கன்னிமாராவைக் கட்டினவர் பேர் விட்டுப்போச்சு

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல எங்க எழும்பூர் கன்னிமாரா லைப்ரரி பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன், ரொம்ப சந்தோஷம். கவர்னர் கன்னிமாரா பிரபு 1890ல அடிக்கல் நாட்டினது, ஹென்றி இர்வின் பிளான் போட்டது, 1896 டிசம்பர் 5ல திறந்தது எல்லாம் இருக்கு, ஆனா அதைக் கட்டின கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார் பேர் ஒரு இடத்துலகூட இல்ல, அதான் மனசு கேக்காம எழுதறேன்.

எங்க அப்பா சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிச்சது இங்கதான், அதாவது எழுபதுகள்ல வந்த புது பில்டிங்ல. இன்னிக்கும் டிபன் பாக்ஸும் கையுமா வர்ற பசங்க அங்கதான் உக்காந்து படிக்கிறாங்க, அதை ஒட்டி பழைய ஹால் ஒண்ணு இருக்கிறதே நிறைய பேருக்குத் தெரியாது. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா ஒருநாள் அங்க கூட்டிட்டுப் போய் "அண்ணாந்து பாரு"ன்னார். அவ்ளோ உயரத்துல பூவேலை செஞ்ச கூரை, கலர் கண்ணாடி வழியா இறங்கற வெளிச்சம், ரெண்டு பக்கமும் தேக்கு அலமாரி. ஒரு அலமாரி ஓரத்தை விரலால தடவிப் பாத்தேன், நூறு வருஷம் ஆகியும் ஒரு சிலாம்பு இல்ல. இர்வின் பெரிய ஆள்தான், மறுக்கல, ஆனா பேப்பர்ல இருந்ததை செங்கல்லும் மரமுமா நிக்க வச்சது செட்டியாரும் அவர்கிட்ட வேலை பாத்த கொத்தனார், ஆசாரிங்களும்தானே. அந்த ஆசாரிங்க பேரெல்லாம் எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ஒரு பேரையாவது சொல்லணும் இல்லையா.

சென்ட்ரல் பக்கத்துல இருக்கற விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவர் கட்டினதுதான். கணித மேதை ராமானுஜன் 1920ல கண்ணை மூடினது சேத்துப்பட்டுல செட்டியாருக்குச் சொந்தமான வீட்லதான், இதையும் சேத்துப் போட்டீங்கன்னா படிக்கிறவங்களுக்கு அவர் யாருன்னு டக்குனு புரியும்.

சின்ன திருத்தம்தானேன்னு விட்டுடாதீங்க சார். இந்தியாவுல அச்சாகிற புக்கு, பத்திரிகை எல்லாத்துலயும் ஒரு காப்பி கன்னிமாராவுக்குப் போகணும்னு அம்பதுகள்லயே சட்டம் போட்டாச்சு. அந்தக் கட்டுரை வந்த இதழும் அங்க போய்ச் சேரும், இன்னும் அம்பது வருஷம் கழிச்சு யாரோ ஒரு பொண்ணு அதை எடுத்துப் படிப்பா, அவளுக்காகவாவது அடுத்த இதழ்ல அந்தப் பேரைப் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி, எழும்பூர், சென்னை