“ஒன்றும் செய்யாது” என்று சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் காலை வேளையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் மணி, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் பல ஆண்டுகள் நாய்க்கடி ஊசி போடும் அறையில் கழிந்தன.

சங்கிலியை அவிழ்த்து நாயை மணலில் ஓடவிடும் பழக்கம் இங்கே கூடிக்கொண்டே போகிறது. சென்ற வாரம் குப்பத்துப் பெண் ஒருவர் தலையில் மீன் கூடையோடு வந்துகொண்டிருந்தார். மீன் வாடைக்கு ஒரு லாப்ரடார் பாய்ந்து வந்து அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. கூடையை இறக்கவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார். நாய்க்காரர் தொலைவிலிருந்தே, “பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது” என்று குரல் கொடுத்தார். நாய் முகர்ந்துவிட்டுப் போனதும், “நான்தான் சொன்னேனே” என்றார். நாய் கடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த அம்மாவின் கை கூடை விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஒரு மன்னிப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

ஊசி அறைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர், “நன்றாகப் பழகின வீட்டு நாய்தான் சிஸ்டர்” என்று சொல்லியபடியே கெண்டைக்காலைக் காட்டியிருக்கிறார்கள். காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ அப்பியிருக்கும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்படுவார்கள். முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாள்களிலும் வரவேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் அன்றைய சம்பளம் போயிற்று. நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு கூடவே வந்த உரிமையாளர்கள் மிகவும் அரிது. வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் ஆளைப் பிழைக்க வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அப்படி ஒரு நோயை எதிரில் வைத்துக்கொண்டு, வாய்வார்த்தையை நம்பு என்று முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது?

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியது நமக்கு மறந்திருக்காது. வளர்ந்த ஆண் ராட்வைலர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைவிட எடை குறைந்த பணிப்பையனிடம் கயிற்றைக் கொடுத்தனுப்பும் வீடுகளை இப்போதும் பார்க்கிறேன். அந்தப் பையனின் இன்னொரு கையில் செல்போன். நாய் இழுத்தால் அவன் என்ன செய்வான்? இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறும் இப்படித்தான். நாய் ஒரு பக்கம், ஆள் மறுபக்கம், நடைபாதைக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கயிறு. முதியவர்கள் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். கூட்டம் உள்ள இடத்தில் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். எதிரே ஒருவர் தயங்கினால் ஓரமாக ஒதுங்கி நாயை உட்கார வையுங்கள். அவர் கடந்து போக அரை நிமிடம் ஆகுமா?

அடுத்தது மலம். பலர் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு, சுத்தம் செய்துவிட்டதாக நினைத்துப் போகிறார்கள். நாயின் குடலில் கொக்கிப்புழு இருந்தால் அதன் முட்டைகள் ஈர மணலில் பொரிந்து, வெளிவரும் இளம்புழுக்கள் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். தோலுக்கடியில் சிவப்பாக நெளிந்து நெளிந்து ஒரு கோடு ஓடும், இரவெல்லாம் அரிப்பு. அதே மணலில்தான் குழந்தைகள் உட்கார்ந்து வீடு கட்டுகிறார்கள். விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்கள் குனிந்து வாருவதும் அதே மணலைத்தான். நம் வீட்டு நாயின் மலத்தை இன்னொருவர் அள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. பழைய செய்தித்தாள் ஒரு தாள் போதும். நாய்க்குக் குடற்புழு மருந்தும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

பங்குனி ஆமைகள் முட்டையிட இதே கரைக்கு வருகின்றன. அவை முட்டையிடும் மாதங்களில் அவிழ்த்துவிடப்பட்ட நாய், மணலைத் தோண்டி முட்டைகளைக் குலைத்துவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தன் விலங்கால் மற்றவர்க்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். உரிமம் இல்லாத செல்லநாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சியும் 2025இல் அறிவித்தது. உரிமத்தை வீட்டுக்கு வந்து கேட்பதோடு, நாய்கள் நடக்கும் காலை நேரத்தில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் வந்து கேளுங்கள். கயிறு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாய் மலத்துக்கென்று மூடியுள்ள தொட்டிகளைக் கடற்கரையின் நுழைவிடங்களில் வையுங்கள். நாய்கள் அவிழ்ந்து ஓட வேலியிட்ட இடம் ஒன்றையும் இந்தப் பகுதியில் ஒதுக்கித் தாருங்கள். ஓடி விளையாடுவது நாய்க்கும் தேவைதான். அதற்கு மீன் கூடைக்காரரின் பாதை இடம் அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பெசன்ட் நகர், சென்னை - 90.