முதலில் அந்த ரோட்டரியைத் திருப்பிக் கொடு

அன்புள்ள முரளி,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்குத் திட்ட நினைத்தால், இப்போதே திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். சேகர் அதே சேகர்தான்.

கறுப்புக் கார் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டோம், கேட்டாயா? இப்போது வெயில் பட்டால் பானெட் முழுக்கச் சிலந்திவலை மாதிரிக் கீறல் தெரிகிறதாம், ரோட்டரி பாலிஷ் மெஷின் இரவல் கிடைத்திருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை இறங்கப் போகிறாயாம். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. மெஷினை முதலில் திருப்பிக் கொடுடா. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். ஒரே இடத்தில் சூடேறும். பழகாத கையில் விளிம்புப் பெயின்ட் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். விளிம்பு தப்பினாலும், வெயிலில் நெளிநெளியாகத் தெரியும் ஹாலோகிராம் மிஞ்சும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் எடு, அது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். 15 மி.மீ. த்ரோ (அந்த ஆட்டத்தின் அகலம்), 5 அங்குல பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டும் தட்டு) போதும்.

இன்னொன்று. வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டக் கோடு என்று சேகர் சொல்வதை நம்பாதே. கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. விளக்கொளிக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. டார்ச்சை நகர்த்திப் பார், வட்டமும் கூடவே நகரும்.

விளையாட்டுப் பேச்சு போதும். பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டை, அதாவது நிறத்தின் மேல் உள்ள கண்ணாடி போன்ற பூச்சை, தேய்த்து இறக்குகிறது. அந்தக் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். தேய்த்தது திரும்ப வராது. ஆகவே நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார். சிக்கினால் அந்தக் கீறலை விட்டுவிடு. ஓரங்களைச் சற்று மழுக்கினாலே பாதி மறையும், அதோடு திருப்தி அடை.

ஷாம்பூ போட்டுக் கழுவியதும் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் அடி. அது காய்வதற்குள் அலசிவிட்டு, வழுவழுப்பான திரவத்தோடு க்ளே பாரை (ஒட்டிய அழுக்கைப் பிடுங்கும் களிமண் கட்டி) மெதுவாக ஓட்டு. க்ளே கீழே விழுந்தால் குப்பையில் போடு, தயங்காதே. ரப்பர், பிளாஸ்டிக், கூரிய விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். பாடி லைன் (தகட்டின் மடிப்புக் கோடு) உச்சியிலும் கதவு ஓரத்திலும் பெயின்ட் மெலிந்திருக்கும்.

நிழலில், தொட்டால் குளிர்ந்திருக்கும் பானெட்டில் 45 செ.மீ. சதுரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ், பட்டாணி அளவில் நான்கு சொட்டு. வேகம் 1-ல் பரப்பி, 4 அல்லது 5-ல் வேலை. கை நொடிக்கு 2 அல்லது 3 செ.மீ. நகர்ந்தால் போதும், ஒவ்வொரு வரியும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். ஒரு முறை குறுக்கே, ஒரு முறை நெடுக்கே என்று நான்கிலிருந்து ஆறு சுற்று. பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வை. ஓடும்போது அந்தக் கோடு சுற்றாமல் வெறுமனே அதிர்ந்தால், அழுத்தம் கூடிவிட்டது அல்லது பேட் சாய்ந்துவிட்டது. சுற்றாத பேட் கீறலை எடுக்காது. நீயோ இன்னும் அழுத்துவாய், உன்னைத் தெரியாதா!

முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடை. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலில் தங்கி மறைத்துக் காட்டும். இரண்டாவது கழுவலில் எல்லாம் பல்லை இளிக்கும். துடைத்த பிறகும் கோடு இருந்தால் முதலில் சற்றுக் கடினமான பேட்டுக்கு மாற்று, அப்புறம்தான் காம்பவுண்ட் என்கிற கரடான பாலிஷ். மெல்லிய மங்கல் மட்டும் புதிதாக வந்திருந்தால் பயப்படாதே, மென்பேட்டில் ஒரு சுற்று போதும். ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பேட்டைப் பிரஷ்ஷால் தட்டு. சுரண்டிய பெயின்ட் அதிலேயே காய்ந்து நின்றால் புதுக் கீறல் போடும். பிளாஸ்டிக் பம்பரைக் கடைசிக்கு வை, அதில் சூடு பரவாமல் ஒரே இடத்தில் தேங்கிவிடும்.

மேலே பாதுகாப்புக் கோட்டிங் போட்டால் இனிக் கீறலே விழாது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வா. தூசி தட்டும் துணியைத் தூக்கி எறி; காய்ந்த தூசியைத் துடைப்பதில்தான் இந்த வலையே பின்னுகிறது. ஷாம்பூவுக்கு ஒரு வாளி, கையுறையை அலச இன்னொன்று.

அந்த ஒரு சதுரத்தை முடித்து, டார்ச் அடித்துப் படமெடுத்து அனுப்பு. நான் பார்க்கும் வரை கதவுப் பக்கம் போகாதே. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி