வரிச் சீட்டில் வந்து உட்காரும் கடன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரியத் தகடு, தண்ணீர்ச் சிக்கனக் கருவிகள் போன்றவற்றுக்கு முன்பணம் இல்லாமலே பணம் தந்து, சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் கலிஃபோர்னியாவின் 'பேஸ்' (PACE) திட்டம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "கடன் ஆளின் பேரில் இல்லை, வீட்டின் பேரில், விற்றால் மீதியை வாங்குபவர் கட்டிக்கொள்வார்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. சட்டப்படி சரிதான். ஆனால் வீடு கைமாறும்போது பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இந்த ஒரு வரியை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

தெருவிளக்கு, சாக்கடை போன்ற பொது வேலைக்கு அந்தப் பகுதி வீடுகள் மேல் தனிக் கட்டணம் விதித்து வரியோடு வசூலிப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். 2008-இல் ஏபி 811 என்ற சட்டம் அதையே தனி வீட்டுக்கும் திறந்துவிட்டது: உரிமையாளர் சம்மதித்து ஒப்பந்தம் போட்டால், அவர் வீட்டுமனை மேல் மட்டும் கட்டணம் ஏறும். மறு ஆண்டு தண்ணீர்ச் சிக்கன வேலைகளும் சேர்க்கப்பட்டன. பெர்க்லி நகரம் முதலில் சோதித்துப் பார்த்தது. 2009-இல் சொனோமா கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தன் கஜானாவிலிருந்தே பணம் எடுத்துத் தானே நடத்தத் தொடங்கியது. பிற்பாடு பல ஊர்களில் தனியார் நிறுவனங்கள் நடத்த, ஒப்பந்தக்காரர்களே வாசலில் நின்று கையடக்கக் கணினியில் கையெழுத்து வாங்கினார்கள். கோளாறு அங்கேதான் பெருத்தது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி 2020-இல் வீடுகளுக்கான திட்டத்தையே நிறுத்திவிட்டது.

இப்படிக் கட்டணம் ஏறிய வீட்டுக்குக் கடன் தர வங்கிகள் ஏன் ஒதுங்குகின்றன? இது வரி மாதிரி வசூலாவதால், தவணை பாக்கி விழுந்தால் அந்தப் பாக்கிக்கு வீட்டுக்கடனைவிட முன்னுரிமை. வீடு ஏலத்துக்குப் போனால் முதலில் இது, பிறகுதான் வங்கி. முழு அசலும் ஒரேயடியாக முன்னால் வந்து நிற்பதில்லை, நின்றுபோன தவணைகள் மட்டுமே; இருந்தாலும் கடன் கொடுத்தவன் கண்ணில் அது வில்லங்கம்தான். சாதாரண வரி பாக்கிக்கு வீட்டை விற்க கவுன்ட்டி 5 ஆண்டு பொறுக்கும். கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டிய பணமாக இருந்தால் அவ்வளவு நாள் காத்திராமலே நீதிமன்றம் போக வழி உண்டு. அதனால் 2010 ஜூலையில் மத்திய வீட்டுநிதி முகமை எச்சரித்தது. முன்னுரிமை உள்ள பேஸ் கடன் ஏறிய வீட்டின் அடமானத்தை, வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்கள் இரண்டும் வாங்குவதில்லை. வீட்டுக்கடனுக்கு அரசு தரும் எஃப்எச்ஏ காப்பீடும் 2017 டிசம்பரில் அறிவித்த முடிவால் கதவை மூடிக்கொண்டது. வாங்க வருபவருக்குக் கடன் கிடைக்க வேண்டுமானால் விற்பவர் மீதியை அடைத்தாக வேண்டும். வட்டி குறைகிறதே என்று மறுகடன் எடுக்கப் போகிறவருக்கும் இதே கதிதான்.

அடுத்து எஸ்க்ரோ கணக்கு. வீட்டுக்கடன் தவணையோடு வரிக்கும் மாதாமாதம் வங்கியிடம் கட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உதாரணத்துக்கு 25,000 டாலர், 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு தவணை என்றால் சுமார் 2,546 டாலர்; முடிவில் கட்டியது ஏறக்குறைய 50,900. முதல் ஆண்டு வரிச் சீட்டில் இந்த 2,546 ஏறி வரும். வங்கி முன்கூட்டி அறியாததால் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, அடுத்த கணக்குப் பார்ப்பில் பற்றாக்குறை என்று எழுதும். பழைய பற்றாக்குறைக்கு மாதம் 212, வரப்போகும் ஆண்டுக்கு மாதம் 212: ஆக மாதத் தவணை ஒரே தாவலில் 424 டாலர் உயரும். இரண்டு மாத இருப்பு வைக்கச் சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்பதும் உண்டு. "மாதம் 212தானே" என்று விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. முதல் 12 மாதத்துக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். வேலை முடிந்த அன்றே வங்கிக்கு எழுதி, வரிக்கான மாதத் தொகையை உயர்த்தச் சொல்லிவிட்டால் இந்த அடி விழாது.

தேதியும் முக்கியம். எந்த வீட்டில் எவ்வளவு வசூலிப்பது என்ற பட்டியல் கோடையிலேயே கவுன்ட்டிக்குப் போய்விடும். செப்டம்பரில் வேலை முடித்தால் அது அடுத்த ஆண்டுச் சீட்டில்தான் வரும். அதுவரை ஓடும் வட்டியை அசலோடு சேர்ப்பார்கள். 'முதல் ஆண்டு கட்டவே வேண்டாம்' என்பதன் பொருள் இதுதான்.

தண்ணீர் வேலைகளுக்கு இந்த வழியே எனக்கு ஒப்பவில்லை. பழைய 3.5 கேலன் கழிப்பறைத் தொட்டியை 1.28 கேலனுக்கு மாற்றினால், நாளைக்கு 20 முறை என்ற கணக்கில் ஆண்டுக்கு 16,000 கேலன் மிச்சம். தண்ணீர் பில்லில் 748 கேலன் ஒரு யூனிட் என்றால் 21 யூனிட்டுக்கு மேல். நல்ல மிச்சம்தான். ஆனால் அதற்கு ஆகும் செலவு சில நூறு டாலர், கைக்காசில் முடிகிற வேலை. செயற்கைப் புல் 10-15 ஆண்டில் நைந்துபோகும். அதற்கு 20 ஆண்டுத் தவணை போட்டால், புல்லைப் பெயர்த்து எறிந்த பிறகும் வரிச் சீட்டில் புல் முளைத்துக்கொண்டிருக்கும். பொருளின் ஆயுளைத் தாண்டித் தவணை போகவே கூடாது.

இப்போது காப்பு இல்லாமல் இல்லை. 2018 முதல் வருமானம் பார்த்தே தர வேண்டும். வீட்டு மதிப்பில் முதல் 7 லட்சம் டாலருக்கு 15 சதவீதத்துக்குள்தான் தரலாம். கையெழுத்துக்கு முன் நிபந்தனைகளைத் தொலைபேசியில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ரத்து செய்ய 3 வேலை நாள், 65 வயதானவர்களுக்கு 5. மொழிபெயர்ப்பு கேட்கும் சட்டம் ஸ்பானிஷ், சீனம், டகாலோக், வியட்நாமியம், கொரியம் என்ற ஐந்து மொழிகளோடு நின்றுவிடுகிறது. தமிழ் அதில் இல்லை. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்கள் பேரில் வீடு இருந்தால், அந்தத் தொலைபேசி அழைப்பின்போது பிள்ளைகள் பக்கத்தில் இருப்பது நல்லது. 'ஆமாம், ஆமாம்' என்பதெல்லாம் பதிவாகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு: வில்லங்க அறிக்கையில் ஒப்பந்தக் கட்டணம் என்று ஒரு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வரிச் சீட்டில் 1 சதவீத அடிப்படை வரிக்குக் கீழே நேரடிக் கட்டணங்கள் என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். கொசு ஒழிப்பு, பள்ளிக்கூடம் என்று சின்னச் சின்னத் தொகைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் ஒன்று நின்றால், எதிரே உள்ள தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். வரிக்கான வீட்டு மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற விடாத 13-ஆம் முன்மொழிவு என்ற கலிஃபோர்னியச் சட்டத்தின் உச்சவரம்பு இதைத் தொடாது.

விற்பவர்கள், மீதியை ஒரேயடியாக அடைக்க ஆகும் முழுத்தொகைக் கணக்கை ஒரு மாதம் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். திட்டத்துக்குப் பணம் திரட்டிய கடன் பத்திரத்தின் அடுத்த மீட்புத் தேதி வரை வட்டி சேர்ப்பது உண்டு. பட்டியல் போன பிறகு அடைத்தால், அந்த ஆண்டுத் தவணை சீட்டில் அச்சாகியே வரும். அது அந்தத் தொகைக்குள் அடக்கமா, வெளியேயா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் விட்டால் ஒரே தவணையை இரண்டு முறை கட்டிவிட்டு, திரும்ப வாங்க அலைய நேரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா