பனி உருகினால் பூமி குலுங்குமா? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தி ஆசிரியர்களே,

'பனி உருகுகிறது, பூமி குலுங்கப் போகிறது' என்று நீங்கள் தலைப்புப் போடும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பொய்யில்லை, சரி. ஆனால் பாதியைத்தான் சொல்கிறீர்கள், அதுவும் பயமுறுத்துகிற பாதியை.

பூமிப் பாறையிலுள்ள பிளவுகளில் சேர்ந்திருக்கும் விசை பெரும்பாலும் கண்டத்தட்டுகள் காலங்காலமாக நெருக்கிச் சேர்த்தது. அந்தப் பிளவுகள் மேல் 3 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி ஏறி உட்கார்ந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 2,700 டன் பாரம், பிளவின் இரண்டு பக்கமும் அழுந்திப்போய் அசைய முடியாமல் நிற்கும். பனி போனதும் மேலிருந்த பாரம் போய்விடுகிறது. ஆனால் பாரத்தால் வளைந்த புவியின் மேலோடு நிமிர வேண்டுமானால் அதன் அடியிலுள்ள மூடகம் என்னும் பாறை அடுக்கு கெட்டிப் பாகு மாதிரி மெல்ல ஊர்ந்து திரும்பி வர வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் பிடிக்கும். பக்கவாட்டு நெருக்கம் அப்படியே இருக்க, மேலே பிடி மட்டும் விட்டுப்போன அந்த நேரத்தில்தான் பிளவு நழுவுகிறது. கடன் பழையது, வசூல்தான் அப்போது.

வடக்கு சுவீடனில் பேர்வி பிளவைப் பாருங்கள். சுமார் 150 கி.மீ. நீளத்துக்குத் தரை படி வெட்டினாற்போல நிற்கிறது, சில இடங்களில் 10 மீட்டர் உயரம். ஏறத்தாழ 10,000 வருடங்களுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் பனி விலகிய காலத்தில், 8 ரிக்டர் அளவுக்கு அங்கே குலுங்கியிருக்கும் என்பது கணிப்பு. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவிலுள்ள போத்னியா வளைகுடாவின் கரை, அந்தப் பாரம் போனதால், இன்றும் வருடத்துக்கு 9 மி.மீ. வரை எழும்பிக்கொண்டிருக்கிறது!

தென்கிழக்கு அலாஸ்காவில் இன்னும் வேகம், வருடத்துக்குச் சுமார் 3 செ.மீ. அங்குள்ள லிட்டுயா விரிகுடாவை 1958-ல் உலுக்கிய 7.8 நிலநடுக்கத்துக்குப் பனி இழப்பும் துணைபோயிருக்கலாம் என்று 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த 'இருக்கலாம்' மட்டும் உங்கள் தலைப்பில் ஏறுவதே இல்லை.

அப்புறம், கிரீன்லாந்தில் பனியாற்று முனை உடைந்து கவிழும்போது 5 அளவுக்கு அதிர்வு பதிவாகிறதே, அது வேறு சங்கதி. அது பனியே உண்டாக்குவது, பாறைப் பிளவு நழுவியதால் வந்ததல்ல. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள், தயவுசெய்து.

பின்லாந்தின் ஒன்கலோவில் 400 மீட்டருக்கும் கீழே அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிட்டவர்கள், அடுத்த பனியுகம் வந்து விலகும்போது பக்கத்தில் ஒரு பிளவு நழுவினால் செம்புப் பெட்டிகள் தாங்குமா என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதை யாராவது முதல் பக்கத்தில் எழுதுங்களேன், நான் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்