பனிச்சறுக்குப் படங்களை நிறுத்த வேண்டாம்: எங்கள் ஊர்த் திரையிடல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

சென்ற மாதம் காரைக்குடியில் நீங்கள் திரையிட்ட பனிச்சறுக்குப் படத்தின் பாதியிலேயே கூட்டம் எழுந்து போனதால், இனி அவ்வகைப் படங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். பனியையே பார்த்திராத செட்டிநாட்டுக்கு அவை ஒட்டாது என்ற உங்கள் காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்று என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர், "ஏன் தம்பி, அந்தப் பையன் சரிவுல இறங்குறானா, சமதரையில வழுக்குறானா?" என்று கேட்டார். அந்தப் படத்துக்கு அதைவிடச் சரியான விமர்சனம் இல்லை. தலைக்கவசத்தில் மாட்டிய சிறு கேமராவின், அகன்ற காட்சியைப் பிடிக்கும் வைடு லென்ஸ், செங்குத்தான சரிவையும் தட்டையாக்கிவிடும். மேகம் மூடிய வெளிச்சத்திலோ நிழல் விழாமல் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். தேர்ந்த ஒளிப்பதிவாளர்கள் காலை, மாலைச் சாய்வெயிலுக்குக் காத்திருந்து, எதிர்மலையில் நின்று முழுச் சரிவையும் காட்டுகிறார்கள். இறங்குபவர் எறும்பளவே தெரிந்தாலும், தவறினால் எங்கே போய் விழுவார் என்பது நமக்குப் புரிகிறது. 1977இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகச் சறுக்கு வீரர் ரிக் சில்வெஸ்டர் கனடாவின் அஸ்கார்ட் மலையுச்சியிலிருந்து சறுக்கியபடியே குதித்ததைப் பல கேமராக்கள் படமெடுத்தும், ஒன்றில்தான் முழுமையாகப் பதிவானது. பாராசூட் விரியும்வரை வெட்டாமல் காட்டிய அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

வெள்ளையைப் படமெடுக்கும் தொல்லை, திருமண வீடியோ எடுக்கும் எனக்கும் பழக்கமானதே. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய வளவுச் சுவரருகே வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளையை நிறுத்திவிட்டு, கேமராவின் தானியங்கி வெளிச்சக் கணக்கை நம்பினால், எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கொள்ளும் அது சுவரையும் வேட்டியையும் அழுக்காக்கிவிடும். வெளிச்சத்தை ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூட்டவேண்டும். மிஞ்சினால் சுவரின் பளபளப்பே மறைந்துபோகும். பனிக்கும் இதே கணக்குதான்.

உண்மையில் நீங்கள் திரையிட்ட படம், தாமே சறுக்கிப் பழகிய வேறொரு கூட்டத்துக்காக எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் வாரன் மில்லர் என்பவர் 1950 முதல் ஆண்டுக்கொரு பனிச்சறுக்குப் படமாக எடுத்து, ஊர் ஊராகச் சென்று தாமே நேரில் வர்ணனை சொல்லிக் காட்டினார். குளிர்காலத்துக்காக ஏங்கியிருந்த சறுக்காளர்களுக்கு அது பருவத்தின் தொடக்கம். தாமே சரிவில் இறங்கியவர்களுக்கு நான்கு தாவல்களும் ஸ்லோ மோஷனும் பாட்டும் போதும், மிச்சத்தை அவர்கள் கால்களே நிரப்பிக்கொள்ளும். நமக்கு அந்தக் கால்கள் இல்லை.

ஆகவே சரிவை முழுதாகக் காட்டும் படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஊமைப்பட காலத்தில் தமிழகக் கொட்டகைகளில் திரையருகே நின்று கதை சொன்னவர்களைப் போல, ஒருவர் முதலில் ஐந்து நிமிடம் மலையை விளக்கட்டும். வேறு ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். சுக்குக் காப்பி மேசைக்கு மேலே எரிந்த குழல்விளக்கையும் அணைத்துவிடுங்கள். பனியில் இருந்த கொஞ்சநஞ்ச நிழலையும் அன்று அதுதான் தின்றது.

இப்படிக்கு,
திருமண ஒளிப்பதிவாளர் ஒருவர்,
காரைக்குடி