பிள்ளைகள் 'நேரில்' கண்டது எதை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு நடமாடும் சுற்றுச்சூழல் கண்காட்சி வண்டி வந்ததைப் படத்தோடு செய்தியாகப் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதில் 'மாணவர்கள் நீர்ப்பறவைகளை நேரில் கண்டு வியந்தனர்' என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பேத்தியைக் கூப்பிடப் போனவள், அன்று அங்கேதான் நின்றிருந்தேன். பிள்ளைகள் கண்டது வண்டிக்குள் ஓடிய டிவியை. வகுப்புக்குப் பத்து நிமிடம். வரிசையாக ஏறினார்கள், வரிசையாக இறங்கினார்கள்.

பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் குளம். தை மாதம், தண்ணீர் நிறையக் கிடக்கிறது. கேட்டருகே நின்றபடியே பார்த்தேன். ஒரு மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே, ஒரு காலால் சேற்றைக் கிளறியது. மீன் தட்டுப்பட்டதும் அலகு படக்கென்று மூடிக்கொண்டது. இரண்டு பையன்கள் சுவரில் தொற்றி அதைத்தான் எட்டிப் பார்த்தார்கள். "இறங்குங்கடா, வரிசையில நில்லுங்க" என்று அதட்டி இறக்கிவிட்டார்கள். நேரில் பார்த்தது அந்த இரண்டு பேர்தான் ஐயா. திட்டும் அவர்களுக்குத்தான்.

நான் 31 வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. பாடம் வந்தது. கூடவே ப்ராஜெக்ட் வந்தது. கடையில் படம் வாங்கி சார்ட்டில் ஒட்டினால் மதிப்பெண். குளத்தங்கரை வீட்டுப் பிள்ளை பென்குயின் படம் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் கேட்டால் விழிக்கும். மரம் நடும் விழா என்று வருடாவருடம் அதே குழியில் கன்று நட்டுப் போட்டோ எடுத்தார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

ஒருமுறை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி கேட்டேன். "ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று மறுத்துவிட்டார்கள். அதே வருடம் தீம் பார்க்குக்கு இரண்டு பஸ் கிளம்பியது, ஒருவரும் பொறுப்பு கேட்கவில்லை! அப்புறம் பெற்றோரிடம் பேசி, ஒரு சனிக்கிழமை நானே 22 பேரைக் கூட்டிப்போனேன். அங்கே வீட்டை ஒட்டிய மரத்திலேயே பறவைகள் கூடு கட்டியிருக்கும். அவை மிரளும் என்று ஊரில் வெடி போட மாட்டார்கள். எச்சம் நாறுகிறதே என்று ஒரு பிள்ளை மூக்கைப் பொத்தியது. திண்ணையில் இருந்த ஆச்சி சொன்னார்: "நாறத்தான் செய்யும் தாயி. அந்த எச்சம் கலந்த வண்டலை அள்ளிப் போட்டா வயலுக்கு வேற உரம் வேண்டாம்." எந்த வண்டிக்குள்ளும் இந்தப் பாடம் கிடைக்காது.

நடமாடும் கண்காட்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2012 ஜூன் 5-ஆம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று, டெல்லியிலிருந்து அறிவியல் ரயில் கிளம்பியதே, 16 பெட்டிகளில் 8 பெட்டி முழுக்கப் பல்லுயிர்களுக்கென்றே? அதைப் பார்க்கப் பிள்ளைகளோடு வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றேன். குறையே சொல்ல மாட்டேன். இமயமலையையும் அந்தமான் பவளப்பாறையையும் எங்கள் பிள்ளைகள் வேறு எப்படிப் பார்ப்பார்கள்? எட்டாததைக் கொண்டுவரத்தான் வண்டி. எங்கள் குளத்து நாரையை எங்களுக்கே டிவியில் காட்ட எதற்கு?

நான் கேட்பது இவ்வளவுதான். வண்டி அடுத்து எந்தெந்த ஊருக்குப் போகிறது என்று முன்கூட்டியே வெளியிடுங்கள். பத்து நிமிடம் வண்டிக்குள், ஒரு மணி நேரம் குளத்தங்கரையில் என்று மாற்றச் சொல்லி எழுதுங்கள். மீன் பிடிப்பவர், மடை திறப்பவர் என்று விஷயம் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார், அவரைப் பேச விடட்டும். பக்கத்து ஊர் என்றால் நானும் வருகிறேன், என்னிடம் பழைய பைனாகுலர் ஒன்று இருக்கிறது. அந்த 'நேரில்' என்ற சொல்லுக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள். இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் வெயில் ஏறினால் திரும்பிப் போய்விடும். மாசிக்குள் ஏற்பாடு செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்